ஏரிக்கரை எவருக்கு உரியது?

பெங்களூரு மாநகரில் அல்சூர் ஏரிக்கு அருகில் திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்த அச்சிலை, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மொழியினரும் மகிழ்ந்த நிகழ்வுகள் அவை. வள்ளுவர் சிலை சாலையில் செல்வோர் அனைவர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. காய்கறி விற்பவரும் அதைக் காண்கிறார். காரில் செல்பவரும் காண்கிறார். பொது இடம் என்பதன் பொருள் இதுவே. அங்கு வருபவர் யார், எவ்வளவு பொருள் படைத்தவர், எம்மொழி பேசுபவர் என்று எவரும் கேட்பதில்லை.

நகரங்களில் நிலத்தின் விலை ஏற ஏற, இத்தகைய பொது இடங்கள்மீது பலருடைய பார்வை விழுகிறது. ஏரிக்கரைப் பூங்காக்கள்மீது அப்பார்வை இன்னும் கூர்மையாக விழுகிறது. பூங்கா இருக்கும் இடத்தில் நீச்சற்குளமும் உணவகமும் விருந்து மண்டபமும் கொண்ட தனியார் கிளப் ஒன்றை அமைக்கலாம் என்பர் சிலர். அதில் வரும் வருவாயைக் கொண்டு ஏரியையும் தூய்மை செய்யலாம் என்று காரணமும் கூறுவர். கேட்பதற்கு இனிதாக இருப்பினும், இந்த யோசனை ஏற்கத்தக்கதன்று. ஏரிக்கரைப் பூங்கா மக்களின் பொதுச்சொத்து. அதனைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதை ஒரு சிலருக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுக்கும் உரிமை அரசுக்கு இல்லை.

மக்கள் அமைத்த ஏரிகள்

பெங்களூரு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம். நகருக்குள் பேராறு எதுவும் பாயவில்லை. ஆகவே, அங்கு வாழ்ந்த முன்னோர் தாழ்வான நிலப்பகுதிகளின் குறுக்கே கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். ஓர் ஏரி நிரம்பியபின் அதன் மிகுநீர் கால்வாய் வழியே கீழேயுள்ள ஏரிக்குச் செல்லும். அது நிரம்பியபின் அடுத்த ஏரிக்குச் செல்லும். இக்கால்வாய்களைக் கன்னட மொழியில் ராஜகாலுவே என்பர். சங்கிலியின் கண்ணிகளைப்போல ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தன.

இந்த ஏரிகள் உழவருக்குப் பாசன நீரையும், மீனவருக்குப் பிழைப்பையும், கால்நடைகளுக்குக் குடிநீரையும், சலவைத் தொழிலாளருக்குத் துறையையும் கொடுத்தன. கன்னடம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்தனர். பெங்களூரின் தொம்மலூரில் உள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வதும், சென்ற இடத்து நீரையும் நிலத்தையும் தம்முடையனவாகப் போற்றுவதும் தமிழருக்குப் புதியன அல்ல.

நகரம் வளர்ந்தபோது ஏரிகள் பல மறைந்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் உள்ளது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் உள்ளது. பேருந்து நிலையமும் விளையாட்டரங்கமும் மக்களுக்குப் பயன்படுபவையே. எனினும், இழந்த ஏரி திரும்பி வரவில்லை. எஞ்சிய ஏரிகளையேனும் காக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த இழப்பிலிருந்தே பிறந்தது.

குத்தகைக்குச் சென்ற கரைகள்

2002ஆம் ஆண்டில் கர்நாடக அரசு ஏரிகளுக்கென ஏரி மேம்பாட்டு ஆணையம் ஒன்றை அமைத்தது. ஏரிகளைச் சீரமைக்கப் பணம் வேண்டும். அப்பணத்தைத் தனியார் நிறுவனங்கள் தரட்டும் என்ற கருத்து எழுந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஹெப்பாள், நாகவாரா, அகரா, வெங்கய்யனகெரே ஆகிய ஏரிகள் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. நாகவாரா ஏரிக்கரையில் கேளிக்கைப் பூங்கா ஒன்று எழுந்தது. படகுச் சவாரியும் உணவகமும் செயற்கை அலைக்குளமும் வந்தன. அவற்றுடன் நுழைவுக் கட்டணமும் வந்தது.

கரை அழகு பெற்றது என்று பாராட்டியோரும் உண்டு. ஆனால், முன்பு அக்கரையில் தடையின்றி நடந்தவர் வாயிலில் நின்று பணம் செலுத்த வேண்டியவரானார். மீன் பிடித்தவரும், மாட்டுக்குப் புல் அறுத்தவரும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு தம் தொழிலைச் செய்ய இயலுமா? அவர்களைப் பற்றிக் குத்தகை ஒப்பந்தம் கவலைப்படவில்லை.

இந்நிலையை எதிர்த்து, சுற்றுச்சூழல் ஆதரவுக் குழு என்ற அமைப்பு 2008ஆம் ஆண்டில் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. ஏரிகளின் நிலையை ஆராய நீதியரசர் என்.கே. பாட்டீல் தலைமையில் குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. 2012ஆம் ஆண்டில் நீதிமன்றம் விரிவான ஆணை பிறப்பித்தது. ஏரிகளைக் காக்கவும் கண்காணிக்கவும் மாவட்டந்தோறும் குழுக்கள் இயங்க வேண்டும் என்று பணித்தது. ஏரி என்பது நீர் நிரம்பிய மனையன்று. பலருடைய வாழ்வும் பல்லுயிர்களின் வாழ்வும் அதனைச் சார்ந்துள்ளன என்ற உண்மை இவ்வழக்கினால் மக்களிடையே பரவியது.

பூங்காவும் கிளப்பும்

கிளப் அமைப்பது குற்றமன்று. ஒத்த விருப்பமுடையோர் கூடி விளையாடவும் உரையாடவும் தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொள்ளலாம். அதைத் தம் சொந்த நிலத்தில், தம் சொந்தப் பணத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே முறை. ஊரார் அனைவருக்கும் உரிய நிலத்தை வளைத்து, அதன் நடுவே சிலர் மட்டும் நுழையும் வாயிலை வைப்பதுதான் தவறு.

தமிழில் மன்றம் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. ஊர் நடுவே மரநிழலில் எல்லாரும் கூடும் பொதுவிடத்தையே முன்னோர் மன்றம் என்றனர். வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளவும், வழிப்போக்கர் இளைப்பாறவும் அது பயன்பட்டது. இன்று உறுப்பினர் மட்டுமே நுழையக்கூடிய கிளப்புகளுக்கும் அப்பெயரைச் சூட்டுகின்றனர். சொல் அதுவாகவே இருக்க, பொருள் மட்டும் நேர்மாறாகிவிட்டது.

கிளப்பின் வாயிலில் சில கேள்விகள் காத்திருக்கும். உறுப்பினரா? இல்லையெனில் யாருடைய விருந்தினர்? உறுப்பினராக வேண்டுமெனில் முன்மொழிபவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை கூற, அவ்வூரில் பல தலைமுறை அறிமுகமும் பொருள் வளமும் வேண்டும். புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு அவை இரா. கட்டடப் பணிக்காக வந்த தொழிலாளிக்கும், பணிமாற்றத்தில் வந்த எழுத்தருக்கும், ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருக்கும் தையற்காரருக்கும் அந்த வாயில் திறக்காது. பூங்காவின் வாயிலோ அத்தகைய கேள்வி எதையும் கேட்பதில்லை. நேற்று வந்தவரும் நூறாண்டாக வாழ்பவரும் அங்கே ஒரே இருக்கையில் அமரலாம்.

ஊர்விட்டு வந்தோரின் பிள்ளைகளுக்குப் பூங்காவின் அருமை நன்கு புரியும். சொந்த ஊரில் தாத்தாவின் வீட்டு முற்றமும், தெருவும், கோயில் குளத்துப் படிக்கட்டும் விளையாடும் இடங்களாக இருக்கும். வந்த ஊரில் முற்றம் இல்லை. தெருவில் வண்டிகள் ஓடுகின்றன. அண்டை வீட்டுப் பிள்ளையின் மொழியும் தொடக்கத்தில் புரிவதில்லை. பூங்காவில் பந்து உருளும்போது மொழி தடையாவதில்லை. தமிழ்ப் பிள்ளை கன்னடமும், கன்னடப் பிள்ளை தமிழும், இருவரும் இந்தியும் கற்றுக்கொள்ளும் முதற்பள்ளி அதுவே. அப்பள்ளிக்கு மதில் எழுப்பிப் பூட்டுப் போடுவது எவ்வகையில் வளர்ச்சியாகும்?

நீதிமன்றங்கள் வகுத்த நெறி

இக்கேள்விக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் தெளிவான விடை கூறியுள்ளது. அவற்றுள் ஒன்று பெங்களூரிலேயே எழுந்தது. நகரின் ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம், தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. அப்பகுதி மக்கள் அதனை எதிர்த்து வழக்காடினர். 1991ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. மருத்துவமனை நல்லதே, ஆயினும், பூங்காவின் இடத்தை அது நிரப்ப இயலாது. திறந்தவெளியும் தூய காற்றும் நகர மக்களின் நலனுக்கு இன்றியமையாதன. அவற்றைப் பறிக்கும் முடிவை எதிர்க்க அங்கு வாழும் மக்களுக்கு முழு உரிமை உண்டு. இவையே அத்தீர்ப்பின் சாரம். நோய் தீர்க்கும் மருத்துவமனைக்கே பூங்காவை விட்டுக்கொடுக்கலாகாது என்றால், கேளிக்கைக்குரிய கிளப்புக்கு எவ்வாறு விட்டுக்கொடுக்க முடியும்?

மற்றொரு வழக்கு நாட்டின் வடகோடியில் எழுந்தது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் தனியார் நிறுவனம் ஒன்று வன நிலத்தை ஆக்கிரமித்து கிளப் அமைத்தது. பின்னர் அந்நிலம் அரசாலேயே அந்நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. வெள்ளம் கட்டடங்களை அச்சுறுத்தியபோது, அந்நிறுவனம் இயந்திரங்களைக் கொண்டு ஆற்றின் போக்கையே மாற்ற முற்பட்டது. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் அக்குத்தகையை நீக்கியது. நிலத்தை அரசு திரும்பப் பெற வேண்டும் என்றும், கெடுத்த சூழலை மீட்கும் செலவை அந்நிறுவனமே ஏற்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நீர், காற்று, கடல், காடு ஆகியவற்றின் உடைமையாளர் அரசன்று. மக்களின் சார்பில் அவற்றைக் காக்கும் பொறுப்பாளரே அரசு என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. இதனைப் பொது நம்பிக்கைக் கோட்பாடு என்பர்.

இலக்னோ நகரில் ஜண்டேவாலா பூங்காவின் அடியில் தனியார் நிறுவனம் வணிக வளாகம் கட்டத் தொடங்கியது. பூங்கா மேலே இருக்கும். கடைகள் கீழேதான் இருக்கும் என்று கூறப்பட்டது. 1999ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமாறு ஆணையிட்டது.

தமிழ் மரபில் ஏரி

பொது நம்பிக்கைக் கோட்பாடு உரோமானியச் சட்டத்தில் வேர்கொண்டது என்பர். ஆயினும், நீர்நிலையும் தோட்டமும் ஊராரின் பொறுப்பு என்னும் எண்ணம் தமிழ் மண்ணிலும் பழமையானது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் குழுக்களுக்குக் குடவோலை முறையில் ஆண்டுதோறும் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தியை அவை கூறுகின்றன. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர இயலாது. நிலமும் கல்வியும் உடைய ஆடவர் சிலருக்கே அவ்வாரியங்களில் இடம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும், ஏரியைக் காப்பவர் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நெறி இன்றும் ஏற்கத்தக்கது.

புறம்போக்கு என்னும் சொல்லும் எண்ணிப் பார்க்கத்தக்கது. வரி விதிக்காமல், ஊரின் பொதுப்பயனுக்கென ஒதுக்கிய நிலம் புறம்போக்கு எனப்பட்டது. ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், பாதை ஆகியன அதில் அடங்கும். இன்று அச்சொல் பயனற்றவரைத் திட்டும் வசைச்சொல்லாகிவிட்டது. எல்லாருக்கும் உரியதை எவருக்கும் உரிமையற்றதாக எண்ணத் தொடங்கியபோதே, அதனை எவரும் வளைத்துக்கொள்ளலாம் என்ற துணிவும் பிறந்தது.

மறுப்புகளும் விடைகளும்

பூங்காவைத் தனியாரிடம் கொடுக்கலாம் என்போர் மூன்று காரணங்களைக் கூறுவர்.

முதற்காரணம், அரசிடம் பணம் இல்லை என்பது. பராமரிக்கும் பணியைக் கொடுப்பது வேறு. நிலத்தின் மீதான உரிமையைக் கொடுப்பது வேறு. பெங்களூரின் கைகொண்டனஹள்ளி ஏரியை மாநகராட்சியும் அப்பகுதி மக்களும் இணைந்து மீட்டனர். ஜக்கூர் ஏரியில், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பு வழியே மேலும் தெளிந்து ஏரியை அடைகிறது. அங்கே மீனவரும் மீன் பிடிக்கின்றனர். நடைப்பயிற்சிக்கு வருவோரும் நடக்கின்றனர். நாரைகளும் கூழைக்கடாக்களும் வருகின்றன. கிளப் இல்லாமலேயே இவை நிகழ்ந்துள்ளன.

இரண்டாம் காரணம், கட்டணம் சிறிதே என்பது. எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு 20 ரூபாய் என்று கொள்வோர், ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு ஒரு வருகைக்கு 100 ரூபாய் ஆகும் என்பதையும் எண்ண வேண்டும். வாரம் ஒருமுறை சென்றால் மாதம் 400 ரூபாய். பொருளுடையோர்க்கு அது ஒருவேளைச் சிற்றுண்டிச் செலவு. நாட்கூலி பெறுவோர்க்கு அது ஒரு பிள்ளையின் புத்தகச் செலவு. கட்டணம் விதித்த மறுநாளே, பூங்கா எவருக்கு மிகவும் தேவையோ அவர் வருவது நின்றுவிடும். கட்டணத்தை எவரும் சிறிதாகவே தொடங்குவர் என்பதும், அது என்றும் சிறிதாகவே இராது என்பதும் உலகறிந்தவை.

மூன்றாம் காரணம், ஒரு பகுதியை மட்டுமே கொடுக்கிறோம் என்பது. ஏரிக்கரை வளையம் போன்றது. வளையத்தின் ஒருபுறம் அறுந்தால் சுற்றி நடக்கும் பாதையே அறுந்துவிடும். ஆழமற்ற கரையோர நீரில்தான் பறவைகள் இரை தேடுகின்றன. மீன்கள் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே கற்சுவரும் இரவு விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தால் அவை வேறிடம் தேடும். வெள்ளத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பெய்த பெருமழையில், பெங்களூரின் வெளிவட்டச் சாலையை ஒட்டிய பகுதிகள் நீரில் மூழ்கின. விலையுயர்ந்த மாளிகைகளில் வாழ்ந்தோரும் படகிலும் டிராக்டரிலும் ஏறி வெளியேறினர். ராஜகாலுவேக்களும் ஏரிக்கரைகளும் ஆக்கிரமிக்கப்பட்டது அத்துன்பத்துக்கு ஒரு முதன்மைக் காரணம். நீர் தங்கும் இடத்தைப் பறித்தால், அது தனக்கான இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

காப்பது எவர் கடமை?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 51-அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைக் கூறுகிறது. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காத்து மேம்படுத்துவது அவற்றுள் ஒன்று. சட்டத்தில் ஏரி என்னும் சொல் பெயர் சுட்டியே இடம்பெற்றிருக்கிறது. அரசுக்கும் அத்தகைய கடமையை 48-அ பிரிவு விதிக்கிறது.

பூங்கா பறிபோவது பெரும்பாலும் ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் குப்பை சேரும், விளக்கு எரியாது, இருக்கைகள் உடையும். மாலையில் பெண்களும் குழந்தைகளும் அங்குச் செல்ல அஞ்சுவர். பயன்படுத்துவோர் குறைந்தபின், பாழாய்க் கிடக்கும் இடத்தைத் தனியாரிடம் கொடுத்தாலென்ன என்ற குரல் எழும். அக்குரலுக்கு இடங்கொடுத்தவர்கள் பூங்காவைப் புறக்கணித்த அதிகாரிகள் மட்டுமல்லர். அதில் குப்பை போட்டவரும், போடுவதைப் பார்த்தும் வாளாவிருந்தவரும் ஆவர். ஆகவே, பொது இடத்தைக் காக்க விரும்புவோர் முதலில் அதைப் பயன்படுத்த வேண்டும். தூய்மையாக வைத்திருக்க வேண்டும். பழுது கண்டால் மாநகராட்சிக்கு எழுத வேண்டும். நில ஒதுக்கீடு பற்றிய ஐயம் எழுந்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி விளக்கம் கேட்கவும் வழியுண்டு.

வந்த ஊரில் இதில் தலையிட உரிமை உண்டா என்று குடியேறியோர் சிலர் தயங்குவர். அத்தயக்கம் தேவையற்றது. ஏரியின் குளிர்காற்றை நுகர்பவர் அனைவரும் அதைக் காக்கும் கடமை உடையோர். ஏரிக்கு அருகில் உள்ள பள்ளியின் மாணவர்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைப் பட்டியலிடலாம். நீர்மட்டத்தை மாதந்தோறும் குறித்து வைக்கலாம். முதியோரிடம் ஏரியின் பழைய எல்லைகளைக் கேட்டு எழுதி வைக்கலாம். ஆண்டுதோறும் சேரும் அக்குறிப்பேடு, கரை சுருங்கும் நாளில் சான்றாக நிற்கும். அதைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைத்தால் ஊரார் இன்னும் பலர் படிப்பர்.